எங்கேர்ந்து மூணு மீட்டர்?

உங்கள் உயரம் எவ்வளவு? ஐந்தடி எட்டா? சரி, எங்கிருந்து ஐந்தடி எட்டு? வெறுங்காலிலிருந்தா, ஷூவின் அடியிலிருந்தா? முடிவெட்டுவதற்கு முன்பா, பின்பா? எரிச்சலாக இருக்கிறதல்லவா? இந்த எரிச்சலை இரண்டு வருடம் தினமும் காலை டீயோடு கலந்து குடித்தவன் நான்.

அக்கா எங்கள் ஆபீசில் சீனியர். புனேயில், பானேர் பக்கம் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் அந்த ஆபீஸ். கீழே டிரில் ஓடும்போது எங்கள் பல்லும் கூசும். நாங்கள் செய்த வேலை என்னவென்று என் வீட்டில் இன்றுவரை யாருக்கும் புரியவில்லை. கடல் ஏறிக்கொண்டிருக்கிறது, புயல் முன்னைப்போல் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அப்படியானால் ஒரு துறைமுகத்தில் எது முதலில் நனையும், நனையாமல் இருக்க என்ன கட்ட வேண்டும், கட்டினால் எவ்வளவு செலவு, கட்டாமல் விட்டால் எவ்வளவு நஷ்டம். இதைக் கணக்குப் போட்டு ரிப்போர்ட்டாகக் கொடுப்போம்.

"புனேல ஏதுடா கடல்?" என்று கோயம்புத்தூரிலிருந்து அம்மா கேட்டாள்.

கடல் இல்லைதான். மலைப்பாதையில் மூச்சு வாங்க ஏறி வந்தால்தான் புனே. நனையவே வாய்ப்பில்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்கள் எப்போது நனைவார்கள் என்று எக்செல்லில் போட்டுப் பார்க்கும் உத்தியோகம். செம வேலை என்று நினைத்துத்தான் சேர்ந்தேன்.

சேர்ந்த அன்றே அக்காவிடம் மாட்டினேன். வீடு எங்கே என்று கேட்டார். வாகட், பக்கம்தான், பத்து நிமிஷம் என்றேன்.

"எங்கேர்ந்து பத்து நிமிஷம்? கட்டில்லேர்ந்தா, கேட்டுலேர்ந்தா?"

"வாகட்லேர்ந்துக்கா."

"வாகட் இன்னா ஒரு புள்ளியாடா? அரே, அங்க லிஃப்ட் வர்றதுக்கே பத்து நிமிஷம் ஆவும்."

ஆள் குள்ளம். பருத்திக் குர்த்தா, காகிதக் கட்டுக்குப் போடும் பெரிய கறுப்புக் கிளிப்பை எடுத்துத் தலைமுடிக்குப் போட்டிருப்பார். கட்கியில் பிறந்து வளர்ந்தவர். வெடிமருந்து ஃபேக்டரி வேலைக்காக வட ஆற்காட்டுப் பக்கமிருந்து என்றைக்கோ வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். தமிழைப் படிக்கச் சொன்னால் கடைப் பலகையைக்கூட எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். பேச விட்டால் நிறுத்த முடியாது.

எந்த எண்ணைச் சொன்னாலும் அது எங்கிருந்து தொடங்குகிறது என்று தெரியாமல் அக்காவால் மேலே நகர முடியாது. கட்கி பஜாரில் வெந்தயக் கீரைக்காரர் "இன்றைக்குப் பறித்தது" என்றால் விடியற்காலையிலிருந்தா, நள்ளிரவிலிருந்தா என்று மராத்தியில் விசாரணை நடக்கும். கிரிக்கெட்டில் எவனாவது சிக்ஸர் அடித்து, இத்தனை மீட்டர் என்று டிவியில் போட்டால், பேட்டிலிருந்தா, ஸ்டம்பிலிருந்தா என்று கேட்டு மொத்தக் கூட்டத்தின் சந்தோஷத்தையும் நாசம் பண்ணுவார். மராத்தியில் 'எங்கிருந்து' என்பதற்கு 'குடூன்'. ஆபீசில் அவருக்குப் பெயரே குடூன் மேடம். அவருக்கும் தெரியும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

ஒருமுறை மாப்பிள்ளை வீட்டார் ஃபோனில் பையனின் உயரத்தைச் சொன்னார்களாம். அக்கா ரிசீவரை அம்மாவின் கையிலிருந்து வாங்கி, "செருப்போடவா?" என்று கேட்டிருக்கிறார். அந்தச் சம்பந்தம் அங்கேயே முடிந்தது. நான் கட்கிக்குச் சாப்பிடப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் அம்மா கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டே என்னிடம் பஞ்சாயத்து வைத்தார்.

"நீயே சொல்லுப்பா. பொண்ணு கேக்கற கேள்வியா இது?"

"அவங்க செருப்போடதான் அளந்துகிறாங்கம்மா," என்றார் அக்கா, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "பதில் சொல்லாம வெச்சாங்க பாரு ஃபோன, அதுலயே தெர்ல?"

இத்தனைக்கும் கடல் அவருக்குப் பிடிக்காது. கொங்கண் பக்கம் ஒரு சின்னப் படகுத்துறைக்கு அளவெடுக்கப் போனபோது நாங்களெல்லாம் பேன்ட்டை மடித்துவிட்டு அலையில் இறங்கிக் கூத்தடித்தோம். அக்கா தூரத்தில், மீன்வலைக் குவியலுக்குப் பக்கத்தில், குடையோடு நின்றார். வாங்கக்கா என்றால், "நீ போடா. எனக்குத் தண்ணி கிராஃப்லயே நல்லா கீது" என்றார்.

இந்த 'எங்கேர்ந்து' வெறும் கிறுக்கு இல்லை என்பது எனக்குப் புரிந்தது ஒரு சண்டையில்தான். ஏதோ ஒரு ஷீட்டில் உயரத்தை எழுதிவிட்டு எந்த ஜீரோவிலிருந்து என்று போடாமல் விட்டேன். என் லேப்டாப்பை மூடியே விட்டார். கத்தினேன். அவரும் கத்தினார். கத்தலுக்கு நடுவில்தான் பாடம்.

கடலுக்கு இரண்டு ஜீரோ. ஒன்று கப்பல்காரர்களுடையது. கடல் எவ்வளவு வற்றினாலும் அதற்குக் கீழே போகாது என்று சொல்லத்தக்க ஒரு மட்டம். கப்பலின் அடி தரை தட்டாது என்று உறுதியாகத் தெரிய வேண்டுமே, அதற்காக. இன்னொன்று தரையில் கட்டடம் கட்டுபவர்களுடையது, சராசரி கடல் மட்டம். இது முன்னதைவிட உயரத்தில் இருக்கும். ஆகவே கப்பல்காரரின் மூன்று மீட்டர், கட்டடக்காரரின் மூன்று மீட்டரைவிடத் தாழ்ந்தது. எவ்வளவு தாழ்வு என்பது ஊருக்கு ஊர் மாறும். எந்த ஜீரோ என்று சொல்லாத உயரம் பாதி உயரம்தான்.

"இதக் கேக்காம வுட்டா காகிதத்துல காஞ்சிட்டு கெடக்கற எடம் நெசத்துல முழுவும். புரியுதா கோயம்புத்தூரு?"

புரிந்தது. கோபம் போக ஒரு வடாபாவ் வாங்கிக் கொடுத்தார். இரண்டு மிளகாய் எனக்கு.

தெற்கே தமிழ்நாட்டில் ஒரு சின்னத் துறைமுகத்தின் வேலை எங்களுக்கு வந்தபோதுதான் அக்காவின் இன்னொரு முகம் தெரிந்தது. அது நான் சேர்ந்த புதிது. "அந்த கால் எல்லாம் நான் பேசிக்கறேன்" என்று ஒருவரையும் அண்ட விடவில்லை. அங்கே மின்சாரப் பிரிவில் ஒரு எஞ்சினியர், ஓய்வுக்கு ஒன்றிரண்டு வருடம் இருக்கும் வயது. முதல் ஃபோனிலேயே அக்காவைத் 'தாயி' என்று கூப்பிட்டுவிட்டார். போச்சு. இங்கிலீஷில் முதலையாக இருக்கும் அக்கா தமிழில் பூனைக்குட்டி ஆனார். ஃபோனை மேஜைமேல் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் கருவாடு பற்றிப் பேசுவார்கள்.

"நெத்திலியத் தலையக் கிள்ளிட்டு வறுக்கணும் தாயி. தலையோட போட்டா கசந்துரும்."

"இங்க பஜார்ல நெத்திலியே கெடைக்காதுண்ணே. பாம்பில்னு ஒரு கருவாடுதான். வாடை தாங்காது."

"பார்சல் அனுப்புதேன். அட்ரஸச் சொல்லுங்க."

நிஜமாகவே அனுப்பினார். ஆபீஸ் முழுக்க நாறியது. பல் டாக்டர் மேலே வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்.

என் தியரி இது. அக்காவுக்கு இங்கிலீஷ் கணக்குக் கேட்கும் மொழி, மராத்தி பேரம் பேசும் மொழி, இந்தி ஆட்டோக்காரனோடு சண்டை போடும் மொழி. தமிழ் மட்டும் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து பேசும் மொழி.

அந்த ரிப்போர்ட் போனது. துறைமுக அலுவலகத்துக்கும் கிடங்குக்கும் முன்னால் வெள்ளத் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும், சப்ஸ்டேஷன் இருக்கும் மேடை போதுமான உயரத்தில் இருக்கிறது, அதற்குச் செலவு தேவையில்லை. இதுதான் சாரம். சரிபார்த்தவர் என்ற இடத்தில் அக்காவின் கையெழுத்து. துறைமுகமும் அதன்படி சுவருக்குப் பணம் ஒதுக்கி வேலையைத் தொடங்கியது.

ஒரு வருடம் கழித்து, வரிசையாகப் பல துறைமுகங்களுக்கு ஒரே காண்ட்ராக்ட் எங்களுக்கு வருவதாக இருந்தது. ஆபீஸ் முழுக்கச் சம்பள உயர்வுக் கனவு. முன்பு செய்த வேலைகளைக் காட்ட என்னை ஒரு ஸ்லைடு போடச் சொன்னார்கள். அந்தத் தெற்கத்தித் துறைமுகத்தை எடுத்தேன். 'சப்ஸ்டேஷன் மேடை: மூன்று மீட்டர்'. சும்மா கலாய்க்கலாம் என்றுதான், அக்காவின் குரலிலேயே, ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"அக்கா! எங்கேர்ந்து மூணு மீட்டர்?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பக்கத்தில் வந்து என் திரையைப் பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்தார்.

"அண்ணே, சப்ஸ்டேஷன் மேடை மூணு மீட்டர்னு அன்னிக்கி சொன்னீங்கல்ல. அது எந்த ஜீரோலேர்ந்து?"

"எங்க துறைமுகக் கணக்குதான் தாயி. கப்பல் சார்ட்டுல வருமே, அந்த ஜீரோ. ஏன் கேக்கிய?"

"சும்மாதாண்ணே," என்று வைத்துவிட்டார்.

புயல் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று நாங்கள் போட்டிருந்தது கட்டடக்காரரின் ஜீரோவிலிருந்து. மேடை கப்பல்காரரின் ஜீரோவிலிருந்து. தண்ணீருக்கும் மேடைக்கும் நடுவில் முழங்கால் உயரத்துக்கு இடைவெளி இருப்பதாக ரிப்போர்ட் சொன்னது. அந்த முழங்கால் இல்லவே இல்லை.

"நீங்களாக்கா? நீங்க எப்பிடிக் கேக்காம விட்டீங்க?" என்று நானே கேட்டுவிட்டேன்.

கிளிப்பைக் கழற்றி மறுபடி மாட்டினார். "அப்பா மாதிரி ஒரு ஆளு, தாயின்னு கூப்ட்டுப் பேசறாரு. அவராண்ட போயி எங்கேர்ந்துன்னு எப்டிடா கேக்கறது? மரியாத இல்லாத மாதிரி இருந்துச்சி. வாய் வர்ல."

டைரக்டர் ரூமுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். டைரக்டர் கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு எல்லோர் வீட்டுக்கும் அவர் மனைவி செய்த சக்லி முறுக்கு வரும். அமைதியாகக் கேட்டுவிட்டு இந்தியில் சொன்னதன் சுருக்கம் இது: உண்மையைச் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, தேதியில்தான் ஆட்சேபம். காண்ட்ராக்ட் அடுத்த மாதம் கையெழுத்தாகிறது. அதற்குப் பிறகு 'புதிய தகவல்களின்படி' என்று ஒரு பக்கம் சேர்த்து அனுப்புவோம். இப்போது சொன்னால் காண்ட்ராக்ட் போகும். இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் வீடு இருக்கிறது, ஈ.எம்.ஐ. இருக்கிறது.

"அங்க மழ எப்போ ஆரம்பிக்கும்?" என்று அக்கா கேட்டார்.

டைரக்டர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். அந்தக் கடற்கரைக்கு மழையும் புயலும் ஐப்பசியில். நாங்கள் புரட்டாசியில் நின்றுகொண்டிருந்தோம்.

கீழே இறங்கி டீக்கடைக்குப் போனோம். எனக்கு டைரக்டர் சொன்னதில் தப்புத் தெரியவில்லை. எனக்கும் வாகட்டில் வாடகை ஏறியிருந்தது.

"ஒரு மாசம்தானுங்கக்கா. விடுங்க."

"எங்கேர்ந்து ஒரு மாசம்?" என்றார். "அவரு கையெழுத்துலேர்ந்தா, மழையிலேர்ந்தா?"

அக்கா டீயைத் தொடாமல் பேசினார்.

"அந்த ரூமுக்குள்ள ஆளு உக்காந்துகிறான்டா. ஷிஃப்ட் ஆளு. ஒரு நாற்காலி, ஒரு ஃபேனு, ஒரு முருகர் படம். அண்ணன் எல்லாம் சொல்லிக்கிறாரு எனக்கு. பேனல்ல கரண்ட் ஓடறப்ப தண்ணி உள்ள வந்தா அவன் எங்க போவான்?"

அங்கேயே நின்று ஃபோனில் மெயில் அடித்தார். நான்கு வரி இங்கிலீஷ். புதிய தகவல் என்றெல்லாம் இல்லை. இரண்டு ஜீரோவைக் குழப்பிவிட்டோம், சப்ஸ்டேஷன் பாதுகாப்பில் இல்லை, சரிபார்த்தது நான், தவறு என்னுடையது. டைரக்டருக்கும் ஒரு காப்பி. அனுப்பும் பொத்தானை அழுத்தாமல் நிறுத்தினார்.

"மெயில்லயா அவரு மொதல்ல பாக்கணும்? தப்பு," என்று சொல்லி எஞ்சினியரைக் கூப்பிட்டார். ஒரு கையில் டீ கிளாஸ், அதனால் ஸ்பீக்கரில்.

"என்ன தாயி, மறுபடியும்? சாப்ட்டியளா?"

"அண்ணே, நான் ஒரு தப்பு பண்ட்டேன்."

சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை.

"அப்பம், தண்ணி உள்ள வந்துருமோ?"

"பெரிய புயலா வந்தா வரும்ணே."

"சப்ஸ்டேஷனுக்கு ஒண்ணும் வேண்டாம்னு மீட்டிங்ல எந்திரிச்சுச் சொன்னது நானாக்கும். ஒங்க ரிப்போர்ட்டக் கையில வச்சிக்கிட்டுச் சொன்னேன். துட்டு பூரா செவுத்துக்குப் போயாச்சு. இப்பம் போயி அங்கன என்னன்னு சொல்லுவேன்?"

"என் மெயில காட்டுங்க. என் பேரச் சொல்லுங்க."

"பேரச் சொன்னா தண்ணி நின்னுருமா மேடம்?"

கட் ஆகிவிட்டது. அக்கா ஃபோனைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெயிலை அனுப்பினார். பிறகு ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"மேடம்ன்ட்டாரு பாத்தியா," என்றார்.

அடுத்த வாரம் இருவரும் ரயிலேறிப் போனோம், அளவை மறுபடி எடுக்க. ஸ்டேஷனுக்கு எஞ்சினியர் வரவில்லை, டிரைவரை அனுப்பியிருந்தார். துறைமுகத்தில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். வெயில் மண்டையைப் பிளந்தது. அக்கா குடையைக் கீழே போட்டுவிட்டு, அளவுகோலை எடுத்துக்கொண்டு, பாசி பிடித்த படியில் கணுக்கால் தண்ணீரில் நின்று மட்டம் பார்த்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து, "எந்த ஜீரோண்ணே?" என்று கேட்டார். ஒன்றைக்கூட விடாமல் கேட்டார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். மாலை கிளம்பும்போது மட்டும், "அந்தக் கடைசி அளவ இன்னொரு தடவ பாத்துருவமா?" என்று அவராகவே கேட்டார். பார்த்தோம்.

எங்களுக்குக் காண்ட்ராக்ட் வரவில்லை. சம்பளமும் உயரவில்லை. குடூன் மேடம் என்று கூப்பிடும்போது சிலர் குரலில் சிரிப்பு இல்லாமல் போனது. கையெழுத்துப் போடும் வேலையை அக்காவிடமிருந்து எடுத்துவிட்டார்கள். சில மாதங்களில் அவரே ராஜினாமா கொடுத்தார். கேக் வெட்டினோம். டைரக்டர் எழுந்து, இவர் நம்மோடு மிக நீண்ட காலம் இருந்தவர் என்று தொடங்கினார். அக்கா கிரீம் ஒட்டிய விரலைத் தூக்கி, "குடூன், சர்?" என்றார். முதலில் சிரித்தது டைரக்டர்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அவர்தான்.

இப்போது நவி மும்பையில் வேறொரு கம்பெனி. ஜன்னலைத் திறந்தால் கழிமுகம் தெரியுமாம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று அவரே சொன்னார். மாதம் ஒருமுறை பேசுவேன். ஐந்து நிமிஷம் பேசலாமா என்று கேட்கவே மாட்டேன்.

அந்த எஞ்சினியர் மெயிலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் மீட்டிங்கில் நின்றார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். கட்டடத்தை உயர்த்தப் பணமில்லை என்று கைவிரித்தார்கள். பேனல்களையாவது உள்ளேயே இரும்புச் சட்டம் போட்டு மேலே தூக்குங்கள் என்று மல்லுக்கு நின்றார். அந்த ஐப்பசியை மணல் மூட்டைகளாலும் அதிர்ஷ்டத்தாலும் ஓட்டினார்கள். சட்டம் ஏறி முடிந்தது போன வருடம்தான். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் வரை நின்று வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறார்.

நான் இன்னும் பல் ஆஸ்பத்திரிக்கு மேல்தான். அந்தத் துறைமுகத்தின் ஃபோன் இப்போது எனக்கு வருகிறது. நேற்றிலிருந்து அங்கே காற்றும் மழையும். சற்று முன் ஷிஃப்ட் ஆளோடு பேசினேன். சப்ஸ்டேஷனுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர், தூக்கி வைத்த பேனல்களுக்குக் கீழேயே நிற்கிறது. கரண்ட் இருக்கிறது.